பூட்டனார் பிறந்த ஊர்

சிவமயம்

2022ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், தென்னாப்பிரிக்காவிலுள்ள தர்பன் நகரத்திலிருந்து அடியேனுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எழுபது வயது கடந்த சைவ அம்மையார் ஒருவர். அவரை யான் முன்பின் அறியேன். என்னிடம் பாடங்கேட்ட அன்பர் ஒருவர் அந்நகர்க்குத் திருமுறை விரிவுரை செய்யச் சென்றிருந்தார்; பழைய ஊர்ப்பெயர்களில் ஈடுபாடுடைய கிழவர் ஒருவர் காவிரிக்கரையில் உளர் என்று அவர் சொல்லிவைத்தார் போலும். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மையார்க்குத் தமிழ் எழுதவும் படிக்கவும் வராது. ஆயினும் தேவாரப் பதிகங்கள் சிலவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு நாடோறும் ஓதிவருபவர். அவர் வினாவியது ஒன்றே: தம் பூட்டனார், அதாவது பாட்டனாரின் தந்தையார், எவ்வூரிற் பிறந்தவர்?

தமக்கு மூத்த தமையனார் நோயுற்றுக் கிடக்கின்றார் என்றும், கண்மூடுமுன் முன்னோர் ஊரின் பெயரையேனும் காதாற் கேட்டுவிட அவர் விரும்புகின்றார் என்றும் அம்மையார் எழுதியிருந்தார். அவருடைய அண்டைவீட்டார் ஆங்கில மரபினர். 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எடுத்த குடிமதிப்பின் தாளை வீட்டிலிருந்தபடியே கணினியிற் பார்த்துத் தம் முன்னோர் பிறந்த சிற்றூரை அவர் கண்டுகொண்டாராம். 'உங்கள் நாட்டிலும் அக்காலத்துக் குடிமதிப்பு எடுத்திருப்பரன்றோ? அதில் எங்கள் பூட்டனார் பெயரைத் தேடித் தரல் வேண்டும், ஐயா' என்பது வேண்டுகோள்.

சென்ஸஸ் என்று வழங்கும் மக்கட்டொகைக் கணக்கையே குடிமதிப்பு என்கின்றேன். இங்கிலாந்தில் 1841 முதல், ஆட்பெயர் குறித்து எழுதிய தாள்களைக் காத்து வைத்துள்ளனர். 1841இல் 'இம்மாவட்டத்திற் பிறந்தவரா, அன்றா' என்ற அளவே கேட்டனர். பிறந்த ஊரை எழுதத் தலைப்பட்டது 1851இல். நூறாண்டு கழிந்தபின் அவற்றை யாவரும் காணலாம். அங்கும் எல்லாம் பிழைத்தில; 1931ஆம் ஆண்டின் தாள்கள் 1942இல் தீக்கிரையாயின.

நம் நாட்டு நிலைமை வேறு. 1881ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் இந்தியாவின் பெரும்பகுதியில் ஒருசேரக் கணக்கெடுத்தார்கள். பெயர், வயது, சமயம், தாய்மொழி, பிறந்த இடம், தொழில் என ஆள்தோறும் எழுதியும் வாங்கினார்கள். கூட்டித் தொகை கண்டு அறிக்கை அச்சிட்ட பின்னர் அத்தாள்களைப் பேணி வைத்தாரிலர். எஞ்சியது எண், பெயர் போயிற்று. அவ்வெண்ணும் ஒரு துயரக்கதையைச் சொல்லுவது. 1871ஆம் ஆண்டில் இருந்த தொகையினும் 1881ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துத் தொகை குறைந்து நின்றது. இடையே 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சமே காரணம். அம்மையாரின் பூட்டனார் அப்பஞ்சத்திற் பிழைத்த சிறுவருள் ஒருவராதல் வேண்டும். அவரையும் ஒருவர் அவ்விரவில் எண்ணியிருப்பார். எண்ணியவர் எழுதிய தாள் இன்றில்லை. குடிமதிப்பில் இவரைத் தேடுதல் இயலாது என்று மறுமொழி எழுதிவிட்டேன்.

எழுதியபின் மனம் அமைதியுறவில்லை. ஆதீனத்துத் தமிழ்க் கல்லூரியில் என்னொடு பயின்ற நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் நகைத்து, 'பிறப்பறுக்கும் நெறியிற் புகுந்தோர்க்குப் பிறந்த ஊர் எற்றுக்கு?' என்றார். கேட்டற்கு இனிய வினாவே. ஆயினும், தனு, கரணம், புவனம், போகம் என உயிர்கட்கு இறைவன் கூட்டித் தருவன நான்கனுள் புவனமும் ஒன்றன்றோ? இன்ன உடம்போடு இன்ன இடத்திற் பிறக்க என்று தந்தவன் அவன். தந்ததனை அறிய விரும்புதல் பேதைமை ஆகாது.

அன்றியும் சேக்கிழார் பெருமான் செய்ததை நோக்குக. நாயன்மார் வரலாற்றைத் தொடங்கும்போது நாட்டைச் சொல்லி, ஊரைச் சொல்லி, மரபைச் சொல்லி, அதன்பின்னரே பெரும்பாலும் அடியவரைச் சொல்லுகின்றார். நாவரசர்க்குத் திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூர். நம்பியாரூரர்க்கு அந்நாட்டுத் திருநாவலூர். திருநாளைப்போவார்க்கு வெறும் ஆதனூர் என்னாது, கொள்ளிடக்கரையில் மேற்காநாட்டு ஆதனூர் என்று வரையறுத்தார். அவ்வாறு வரையறுத்திலரேல், குடந்தைப் பக்கத்தே வைணவத் திருப்பதியாக விளங்கும் ஆதனூரோடு மயங்குவார் பலராவர். ஒரு பெயரில் ஊர் பல இருத்தல் நம் நாட்டியல்பு. ஆதலின் நாட்டை முன்வைத்தே ஊரை அறிதல் வேண்டும். சோழர் கல்வெட்டுக்களிலும் வளநாடு, கூற்றம் அல்லது நாடு, ஊர் என்ற முறையே காணப்படுகின்றது. இம்முறையை மாணாக்கர்க்கு முப்பதாண்டு சொல்லிக்கொடுத்தவன் யான். சொல்லிக்கொடுத்தவனே அதிற் சறுக்கிய கதையைத்தான் இங்கே எழுதப் புகுந்தேன்.

இரண்டு திங்கட்குள் அம்மையார் மீண்டும் எழுதினார். குடிமதிப்பு இல்லையேல் கப்பற்பேரேடு உதவுமா என்பது வினா. அப்போதுதான் எனக்கும் அது நினைவிற்கு வந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலைசெய்ய நம்மவரை நேத்தாலுக்குக் கொண்டுசென்றனர். முதற்கப்பலாகிய துரூரோ சென்னையிலிருந்து சென்று 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் தர்பனை அடைந்தது. 1911 வரை அவ்வாறு சென்றோர் தொகை 1,52,184 என்பர். அவருள் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறியவர். இடையே சில ஆண்டுகள் நின்று, 1874இல் அப்போக்குவரவு மீண்டும் தொடங்கிற்று. போனவர் வறியர், ஆயினும் உம்பிலோ ஆற்றங்கரையில் 1875ஆம் ஆண்டளவில் அம்பலவாணர்க்கு ஓராலயம் எடுத்தனர். 1905ஆம் ஆண்டு வெள்ளத்தில் அது அழிய, பின்னர் வேறிடத்தே எழுப்பினர். அதனை நினைக்குந்தோறும் என் கண் நீர்மல்கும்.

ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடலடையாளம் என்றிவற்றை வரிசையாக எழுதிய பேரேடுகள் அங்கே காக்கப்பட்டுள. சரக்கிற்கு எண்ணிடுவதுபோல மனிதர்க்கு எண்ணிட்டது கொடுமையே. எனினும் அக்கொடுமை செய்தோர் எழுதிய ஏட்டில் ஊர்ப்பெயர் நிற்கின்றது. நன்கு எண்ணி ஆண்ட நம் நாட்டுக் குடிமதிப்பில் அது நிற்கவில்லை. இதனை என்னென்பது!

அம்மையார் அப்பக்கத்தின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். என் பேரன் அச்சிட்டுத் தந்தான். பூட்டனார் பெயர் அண்ணாமலையார் திருநாமங்களுள் ஒன்று. வயது 22. இடப்புருவத்தில் தழும்பு. சாதிப்பத்தியில் உள்ளதை யான் எழுதேன், அம்மையாரும் கேட்டிலர். ஜில்லா, தென்னார்க்காடு. கிராமத்தின் பெயர் ஆங்கில எழுத்தர் கையிற் சிதைந்திருந்தும் இன்னதென்று தெளிந்தேன். திருவண்ணாமலையை டிரினோமலி என்றும், பாடல்பெற்ற திருப்பாசூரை டிரிப்பசூர் என்றும், சிதம்பரத்தைச் சில்லம்பரம் என்றும் எழுதினவர் அவர். காதில் விழுந்த ஒலியை அவ்வாறு எழுதினரென்று கொண்டு, நாம் நாவினாற் சொல்லிப்பார்த்தல் வேண்டும். கண்ணாற் படித்தால் ஊர் அகப்படாது. அவ்வூரார் இன்றும் வாழ்பவராதலின் ஊர்ப்பெயரை இங்கே குறிப்பிடேன். தென்னார்க்காட்டுப் பகுதியில் அப்பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கட்கு உண்டு என்பது மட்டும் ஈண்டு வேண்டுவது.

ஆகவே தாலுக்காவே தீர்வு செய்தற்குரியது. அப்பத்தியிலோ மை பரந்திருந்தது. 'டிரி' என்னும் முதற்பகுதியே புலனாயிற்று. தென்னார்க்காட்டில் 'திரு' என்று தொடங்கும் தாலுக்கா யாது? திருக்கோவலூர் என்று உடனே துணிந்தேன். வேறொன்று இருக்கக்கூடும் என்று கனவிலும் கருதினேனல்லேன். யான் சிறுவனாய்ப் பூகோளம் படித்த நாளில் திருவண்ணாமலை வடவார்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது; 1989இல் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் எங்கிருந்தது என்று நான் கேட்டுப்பார்க்கவில்லை.

அத்துணிவிற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை மறைத்தல் கூடாது. திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் அரசுசெய்த பதி, வீரட்டம். மெய்கண்ட தேவர் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூரும் அப்பக்கத்தது. 'உம் பூட்டனார் மெய்கண்டார் திருவடி தோய்ந்த மண்ணிற்கு அணித்தே பிறந்தவர்' என்று எழுதும் இன்பம் என்னை ஈர்த்தது. நான்கு பக்கம் எழுதினேன். 'கருதுகின்றேன்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'ஐயமின்று' என்று எழுதினேன்.

2023ஆம் ஆண்டு தைத் திங்களில் அம்மையார் தம் மகளோடும் பேத்தியோடும் வந்தார். யான் முழங்கால் நோவினால் உடன் செல்லவில்லை, பேரன் சென்றான். நிகழ்ந்தவற்றை அவனே வந்து சொன்னான். ஊரார் நல்லவர். மாலையிட்டு வரவேற்றனர். சிறிய சிவாலயத்தில் அபிடேகம் நடந்தது. கோத்திரம் கேட்ட குருக்களுக்கு அம்மையார் விடைசொல்ல அறியாது திகைக்க, அவர் 'சிவகோத்திரம் என்போம்' என்று தாமே கூறி அருச்சித்தாராம். முதியவர் ஒருவர் முன்வந்து, 'ஆமாம் சாமி, எங்க பாட்டி சொல்லும், ஒருத்தர் கப்பலேறிப் போனார்னு' என்றாராம். இதனைக் கேட்டு யான் மகிழ்ந்தேன். என் முடிபிற்கு ஊர்வழக்கும் சான்றாயிற்றென்று செருக்கினேன். வந்த விருந்தினர் விரும்புவதை அன்பினாற் சொல்லுதல் நம் நாட்டூர்களில் இயல்பென்பது அப்பொழுது தோன்றவில்லை. அம்மையார் ஆலயத்து வாயிலில் ஒருபிடி மண் எடுத்துக் குங்குமச் சிமிழில் இட்டுக்கொண்டார். நாடோறும் நெய்விளக்கு ஒன்று எரிய ஏற்பாடு செய்து மீண்டார்.

ஆனித் திங்களில் தமையனார் சிவபதம் அடைந்தார். இறுதிநாளில் அம்மண்ணைத் திருநீற்றோடு குழைத்து அவர் நெற்றியில் இட்டனர் என்றும், 'ஊர் போய்ச் சேர்ந்தேன்' என்று அவர் சொன்னார் என்றும் அம்மையார் எழுதினார்.

அடுத்த ஆடித் திங்களில், வேறொரு கட்டுரைக்காக, பிரான்சிஸ் என்பார் தொகுத்து 1906இல் வெளிவந்த தென்னார்க்காட்டு மாவட்டக் கெசட்டியரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தாலுக்காக்களின் வரிசையில் திருக்கோவலூர் இருந்தது. அதனொடு திருவண்ணாமலையும் இருந்தது.

கை நடுங்கிற்று. பூட்டனார் கப்பலேறிய காலத்தில் திருவண்ணாமலை தென்னார்க்காட்டைச் சேர்ந்ததே. பின்னரே வடவார்க்காட்டிற் சேர்த்தனர். 'டிரி' என்பது இரண்டிற்கும் பொது. அவ்வூர்ப்பெயர் திருவண்ணாமலைத் தாலுக்காவிலும் உளதோ என்று தேடினேன், உளது. ஒரே ஊரினின்று சேர்ந்து சென்றோர்க்கு அடுத்தடுத்த எண்கள் விழுதல் உண்டு என்பது நினைவிற்கு வந்தது. பேரனைக் கொண்டு அடுத்த பக்கத்தைக் கணினியில் தேடி எடுப்பித்தேன். அடுத்த எண்ணினர் ஓர் இளைஞர், கிராமம் அதுவே. தாலுக்காப் பத்தியில் மை பரவவில்லை. டிரினோமலி என்று முழுதும் எழுதியிருந்தது.

இனி யான் செய்ததைக் கேளுங்கள். நான்கு திங்கள் வாளா இருந்தேன். இறந்தவர் நிறைவோடு இறந்தார். இதனைச் சொல்லி இருப்பவரை ஏன் வருத்துதல் வேண்டும் என்று எனக்குள் வழக்காடினேன். அதனினும் பெரிய வாதமொன்றையும் துணைக்கொண்டேன்: சிவபெருமான் எங்கும் நிறைந்தவன்; அட்டமூர்த்தத்துள் நிலமும் ஒன்று; எம்மண்ணாயினும் அவன் மண்ணே; எவ்வூர் என்றால் என்ன? சித்தாந்தம் கற்றவனுக்கு இத்தகைய வாதங்கட்குக் குறைவுண்டா? ஒவ்வொன்றும் தனித்து நோக்க மெய்யே. அவற்றையெல்லாம் யான் கூட்டிவைத்தது என் பிழை வெளிப்படாமைக்கு.

கார்த்திகையில் எங்கள் ஊரிற் பெரியபுராண விரிவுரை. எனக்கு வைத்த பகுதி, யான் கேளாமலே, மெய்ப்பொருள் நாயனார் புராணம். முத்தநாதன் திருநீறு பூசிச் சடைகட்டி, ஆகமநூல் கொணர்ந்தேன் என்று பொய்கூறி, புத்தகக் கட்டினுள்ளே படைக்கலம் மறைத்து உட்புகுந்த இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நா எழவில்லை. கேட்டோர் யான் உருகினேன் என்று எண்ணினர். அன்றிரவே அம்மையார்க்கு எழுதினேன். பிழை யாது, எப்போது அறிந்தேன், நான்கு திங்கள் ஏன் எழுதவில்லை என்ற மூன்றையும் எழுதினேன். இம்முறை ஒரு பக்கமே.

ஒரு மண்டலத்திற்கு அணித்தாக மறுமொழி இல்லை. பின்பு வந்தது. தாம் இரண்டு நாள் அழுததாகவும், என்மீது சினந்து எழுதிய கடிதம் ஒன்றைக் கிழித்துவிட்டதாகவும் ஒளியாமற் கூறியிருந்தார். தமையனார்க்குப் பொய்யான மண்ணை இட்டோமே என்ற நினைவு தம்மை விட்டு நீங்கவில்லை என்றும் எழுதியிருந்தார். அதற்கு மாற்றுரை என்னிடம் இல்லை, இன்றும் இல்லை. அதன்கீழே வேறொரு செய்தி. அடுத்த எண்ணினராகிய அவ்விளைஞர் பெயரைக் கண்டதும் அவர்க்குப் பழைய நினைவொன்று எழுந்ததாம். தொலைவிலுள்ள வேறோர் ஊரில் அப்பெயரையே குடும்பப்பெயராகக் கொண்ட வீட்டார் உளர். தீபாவளிதோறும் அவ்வீட்டிலிருந்து இவ்வீட்டிற்கும், இங்கிருந்து அங்கும் பலகாரம் போய்வருதல் பாட்டனார் காலந்தொட்டு வழக்கம். உறவும் இல்லை, சம்பந்தமும் இல்லை. ஏன் கொடுக்கின்றோம் என்று இருவீட்டாருள் ஒருவரும் அறியார். 'ஏன் என்று இப்பொழுது தெரிகின்றது, ஐயா' என்று எழுதியிருந்தார். முதலிற் கண்ட ஊரில் ஏற்றிய விளக்கை நிறுத்தவேண்டா என்றும் ஒரு வரி இருந்தது.

தை பிறந்தபின் யானே அவ்விரண்டாம் ஊர்க்குச் சென்றேன். முழங்கால் நோவைச் சொல்லி வீட்டிலிருக்க இம்முறை மனம் ஒப்பவில்லை. திருவண்ணாமலையிலிருந்து பேருந்திற் சென்று, இறங்கிச் சிறிது தொலைவு நடத்தல் வேண்டும். வழிநெடுகத் திருமலை தெரிகின்றது. கப்பலேறப் புறப்பட்ட இளைஞர் இருவரும் திரும்பித் திரும்பி இதனைப் பார்த்துக்கொண்டே போயிருப்பர். ஊரிற் சிவாலயம் என்று சொல்லத்தக்கது இல்லை. ஏரிக்கரையில் வேம்பினடியில் கூரையின்றிச் சிவலிங்கம் ஒன்று. பக்கத்தே அம்மன் கோயில். கப்பலேறிப் போனவர் எவரையேனும் அறிவீரோ என்று நான்கு பேரைக் கேட்டேன். முன்னரே ஒன்றும் சொல்லிக்கொடாமற் கேட்டேன். ஒருவரும் அறியார். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி மட்டும், 'போனவங்க யாராச்சும் வந்திருக்காங்களா?' என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

வேம்பினடியையும் ஏரியையும் அங்கிருந்து தெரியும் மலையையும் பேரன் படம்பிடித்தான். அவற்றை அம்மையார்க்கு அனுப்பினோம், மண் அனுப்பவில்லை. அவர் தாமே வந்து எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கின்றார். பலகாரம் கொடுத்துவந்த அவ்வீட்டாரும் உடன் வருகின்றனராம். அவர்கள் வருமுன் சிவலிங்கத்திற்கு ஒரு கூரை போடுதற்கு ஊரார் இசைந்துள்ளனர்.